ரிவால்வருக்கு ஒரு வைத்தியர்!

மிக்ஸி மக்கர் பண்ணினால் தெருமுனையில் ஆள் இருக்கிறார். வாட்ச் நின்றுபோனால் பஸ் ஸ்டாண்ட் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடைக்கு, செருப்புக்கு, குக்கர் கைப்பிடிக்கு, ஏன், குடும்பச் சண்டைக்குக்கூட ரிப்பேர்க்காரர்கள் கிடைக்கிறார்கள். ஒரு பழைய ரிவால்வர் மக்கர் பண்ணினால் யாரிடம் போவீர்கள்?

'எனக்கென்ன சார், என் டிராயர்ல இருக்கற ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர்தான்' என்கிறீர்களா? நானும் அதே ஜாதிதான். மாசச் சம்பளம், மதியம் தயிர் சாதம், மாலையில் டிராஃபிக் என்று ஓடுகிற வண்டி. ஆனால் எனக்கு ஒரு மாமா இருக்கிறார்.

அம்மாவுக்கு அண்ணன். ஏற்காட்டில் காபித் தோட்டம். வயது 74. அவரிடம் ஒரு வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர் இருக்கிறது. தாத்தா ஐம்பதுகளில் வாங்கியது. அவருக்குப் பிறகு முறைப்படி மாமா பெயருக்கு லைசென்ஸ் மாறி வந்தது. இந்த நீண்ட வாழ்க்கையில் அது சுட்டது மொத்தம் இரண்டே தடவை. இரண்டும் காட்டுப்பன்றியைப் பயமுறுத்த. அதில் ஒரு தடவை பன்றி பயப்படவில்லை. தாத்தாவின் சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த ரிவால்வர்தான் போன மார்கழியில் ஸ்டிரைக் பண்ணியது. ட்ரிகரை இழுத்தால் பாதி வழியில் நிற்கிறது. சிலிண்டர் அரைகுறையாகத் திரும்புகிறது. மாமா போன் செய்தார்.

"டேய், ரெண்டு நாள் லீவு போடு. மெட்ராஸ் போறோம்."

"என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கில்லடா, அதுக்கு!"

லைசென்ஸ்காரர் அவர், டிரைவர் நான் என்று அப்படித்தான் புறப்பட்டோம். ஆயுதம் அவருடைய பெட்டியில், தோட்டா இல்லாமல், பூட்டுப் போட்டு. என் பொறுப்பில் புளியோதரை. இந்த வேலைப் பிரிவினை சட்டம் அல்ல, மாமாவின் பிடிவாதம். ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது லைசென்ஸ்காரர் கூடவே இருந்தால், 'கொஞ்சம் பிடிங்க' என்று அடுத்தவரிடம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

கொஞ்சம் பூர்வீகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் சினிமாவில் சின்னதாக எதை நீட்டினாலும் வசனத்தில் 'பிஸ்டல்' என்பார்கள். பிஸ்டல் வேறு, ரிவால்வர் வேறு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால். அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்கால் ஒவ்வொன்றாக மேலே வரும். ரிவால்வரில் ஒரு உருளை இருக்கிறது. அதுதான் சிலிண்டர். அதில் அறைகள் இருக்கும், மாமாவுடையதில் ஆறு. ஒவ்வொரு முறை ட்ரிகரை இழுக்கும்போதும் சிலிண்டர் ஓர் அறை அளவுக்குச் சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். சுழல்வதால்தான் அந்தப் பெயர்.

வெப்ளி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சரக்கு. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் வெப்ளியின் முதல் மார்க் ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. 1897-ல் கம்பெனி 'வெப்ளி அண்ட் ஸ்காட்' ஆனது. முதல் உலகப் போரில் மார்க் 6, அதன் பிறகு சின்ன சைஸ்கள் என்று வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் அதுவும் போனது. பழைய படங்களில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நடுவில் 'படக்' என்று மடக்கி, குழல் கீழே தொங்க, தோட்டா போடுவாரே, அந்த மாடல்தான். மடக்கினால் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, வெற்றுக் குப்பிகளை ஒரே தள்ளாக வெளியே தள்ளும்.

மாமாவிடம் இருப்பது .32. ராணுவத் தோட்டாக்களான .380, .455 வகையறாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளை நம் சட்டம் தனி வகையில் வைத்திருக்கிறது. அவை சாதாரண ஜனங்களுக்கு லேசில் கிடைக்காது. அதனால்தான் இந்தியாவில் லைசென்ஸ் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்கிற .32 ரிவால்வரும் வெப்ளியை அடியொற்றியதுதான். 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் எடை குறைந்த ஒன்றை வெளியிட்டார்களே, அதுவும் அந்த வம்சத்துப் பேத்தி.

ஆனால் பாட்டி ஊரில் நிலைமை வேறு. வெப்ளி அண்ட் ஸ்காட் 1979-ல் துப்பாக்கி செய்வதை நிறுத்திக்கொண்டது. 1997-ல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளுக்கே ஏறக்குறைய முழுத் தடை போட்டுவிட்டது. இங்கே 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆக, பழைய வெப்ளிக்கு ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால், இன்னொரு பழைய வெப்ளி செத்தால்தான் உண்டு. அல்லது, கையால் செய்யத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளைத் தேடித்தான் நாங்கள் அலைந்தோம்.

மூன்று கடை, மூன்று பதில்

முதல் கடையில் ஏ.சி. இருந்தது, சோபா இருந்தது, காபி வந்தது. ஸ்டைலான இளைஞர் ஒருவர் ரிவால்வரை வாங்கிப் பார்த்தார். பார்த்தார் என்றால் வெளியே மட்டும்.

"அங்கிள், ஃபுல்லா பாலிஷ் போட்டு நிக்கல் பிளேட்டிங் பண்ணிடலாம். கல்யாண வெள்ளி மாதிரி மின்னும்!"

"திரும்ப மாட்டேங்குதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது... எண்ணெய் போட்டா சரியாயிடும் அங்கிள்."

மாமா பெட்டியை மூடினார். அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பர்மிங்ஹாமில் 1813 முதல் ஒரு சோதனைச் சாலை உண்டு. அங்கே துப்பாக்கியை வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் கிரீடம் போட்ட சின்ன முத்திரை குத்துவார்கள். நகைக்கு ஹால்மார்க் மாதிரி. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் அது முதலில் தின்பது இந்த முத்திரைகளையும் சீரியல் நம்பரையும்தான். முத்திரை போனால் மதிப்பு போகும். நம்பர் போனால்? அது குற்றம். ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது: நம்பர் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று வைத்துக்கொள்ளப்படும், 'நான் இல்லை' என்று நிரூபிப்பது அவர் பாடு. கல்யாண வெள்ளி மாதிரி மின்ன ஆசைப்பட்டு, கம்பி எண்ணவேண்டி வரும்.

இரண்டாவது கடைக்காரர் ரிவால்வரைத் தொடக்கூட இல்லை. "இதெல்லாம் இனிமே ஓடாது சார். ரிஸ்க்கு. பேசாம எனக்கே குடுத்துடுங்க, நானே பேப்பர் வேலையெல்லாம் பார்த்துக்கறேன்" என்று ஒரு விலை சொன்னார். அந்தத் தொகைக்கு நல்ல மிக்ஸி வராது. இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வெளிநாட்டு ரிவால்வருக்கு இங்கே கிராக்கி எப்படி என்பது மாமாவுக்குத் தெரியும். "ரிஸ்க்குன்னா நீங்க ஏன் சார் வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

மூன்றாவது இடம் பழைய கடைத்தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. போர்டில் பாதி எழுத்து இல்லை. உள்ளே கண்ணாடி அலமாரியில் இரண்டு ஏர்கன், சுவரில் லைசென்ஸ் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. பின்கட்டில் ஒரு மேஜை, ஒரு வைஸ், வரிசையாக அரங்கள். எழுபதை நெருங்கும் ஒரு பாய், மூக்கு நுனியில் கண்ணாடி.

ரிவால்வரைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், மடக்கி, ஆறு அறையும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தடவிப் பார்த்ததுதான். "காலிதான் பாய், நான் பார்த்துட்டேன்" என்றார் மாமா.

"நீங்க பார்த்தது உங்களுக்கு சார். நான் பாக்கறது எனக்கு."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

தேங்காய் எண்ணெய் மர்மம்

அடுத்து அவர் கேட்டது லைசென்ஸ் புத்தகம். அதிலுள்ள நம்பரையும் ரிவால்வரில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார்த்து, ரிஜிஸ்தரில் பதிந்து, ரசீது எழுதிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அந்த ஸ்க்ரூ டிரைவர்களே ஒரு சமாச்சாரம். நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும். திருகும்போது மேலே எழும்பி, ஸ்க்ரூவின் வெட்டை நாசம் பண்ணும். பாயிடம் இருந்தவை நுனி வரை ஒரே கனத்தில், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தனித்தனியாக, அவரே சாணை பிடித்துச் செய்தவை. "ஒரு துப்பாக்கியைப் பாத்தா, அதை இதுக்கு முன்னாடி எத்தனை முட்டாள் தொட்டிருக்கான்னு ஸ்க்ரூ தலை சொல்லிடும் சார்" என்றார். மாமாவின் ரிவால்வரில் ஸ்க்ரூ தலைகள் சுத்தமாக இருந்தன. மாமா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிமிர்ந்தது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. பக்கத் தகடு கழன்றதும் பாய் மோந்து பார்த்தார்.

"என்ன சார் இது, தேங்காய் எண்ணெயா?"

"சுத்தமான செக்கு எண்ணெய் பாய்" என்றார் மாமா, பெருமையாக.

பாய் சிரிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். சென்னையில் பரவாயில்லை. ஏற்காட்டு மார்கழியில், குளியலறை ஷெல்ஃபில் பாட்டில் கல்லாகிவிடும்போது, ரிவால்வருக்குள் இருப்பது மட்டும் ஓடுமா? வருஷக்கணக்கில் தடவியது காற்றுப் பட்டுப் பிசினாக மாறி, அதன் மேல் தூசு சேர்ந்து, உள்ளே அல்வா கிண்டி வைத்த மாதிரி இருந்தது.

போதாததற்கு ஆயுத பூஜை! வருஷா வருஷம் அத்தை சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, பூ சாத்தி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவார். ஈரச் சந்தனம் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் துருப் புள்ளி. நம்மை மட்டும் சொல்வானேன்? குடகில் செப்டம்பர் மாத கைல்போழ்து திருநாளில் வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் அடுக்கி வைத்துப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுங்கள் தப்பில்லை, கும்பிட்ட கையோடு துடைத்துவிடுங்கள் என்பது பாயின் கட்சி.

தோல் உறை இன்னொரு வில்லன். அழகாக இருக்கிறதே என்று வருஷம் பூராவும் அதற்குள்ளேயே வைத்திருந்தால், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடப் போட்ட ரசாயனமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். அப்புறம் தேர்தல். தேர்தல் வந்தால் வேட்பாளர் வீட்டுக்கு வருகிறாரோ இல்லையோ, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலின்போது மாமாவின் ரிவால்வர் ஒரு ஸ்டேஷன் அலமாரியில் வாரக்கணக்கில் தூங்கிவிட்டு, இடது பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் திரும்பி வந்தது. லைசென்ஸ் பெற்ற டீலரிடமும் ஒப்படைக்கலாம், அவர் எண்ணெய் போட்டு வைப்பார் என்பது அப்போது யாரும் மாமாவுக்குச் சொல்லவில்லை.

ஆறில் ஒன்று

பிசினைக் கழுவித் துடைத்ததும் சிலிண்டர் வெண்ணெயாகச் சுழன்றது. மாமா எழுந்துவிட்டார். "அவ்வளவுதானே பாய்? குடுங்க, கிளம்பறோம்."

"உக்காருங்க சார்."

பாய் ரிவால்வரைக் காதருகே வைத்துக்கொண்டார். கட்டை விரலால் ஹேமரை மெள்ள, மிக மெள்ள, பின்னுக்கு இழுத்தார். வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் முகம். 'டிக்'... 'டிக்'. அடுத்த அறை. மறுபடி. ஆறு அறைக்கும். பிறகு, மூன்று தடவை திரும்பத் திரும்ப அதே வேலை.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சா? மொத சத்தம் சிலிண்டர் பூட்டுறது. ரெண்டாவது ஹேமர் நிக்கறது. மொதல்ல பூட்டணும், அப்புறம்தான் நிக்கணும். இதுல அஞ்சு அறைக்கு ஒழுங்கா இருக்கு. ஒண்ணுல மட்டும் ஹேமர் முந்திக்குது. அந்த நேரத்துல சிலிண்டர் முழுசா திரும்பி இருக்காது."

அதனால் என்ன என்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்டேன். அறை குழலுக்கு நேராக வராமல், ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்போது சுட்டால், குண்டு குழலின் விளிம்பில் மோதும். ஈயம் சீவப்பட்டுச் சில்லுச் சில்லாகப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணிலோ, சுடுகிறவர் கையிலோ. கோளாறு பெரிதாகிக்கொண்டே போனால் ரிவால்வரே உடையலாம். அஞ்சு தடவை ஒழுங்காக வேலை செய்யும்; ஆறாவது தடவை காலை வாரும். எப்போதுமே மக்கர் பண்ணுகிற யந்திரத்தை நாம் நம்ப மாட்டோம். அஞ்சு தடவை ஒழுங்காக இருப்பதுதான் ஆபத்து.

முதல் கடையில் நிக்கல் பூசி, எண்ணெய் விட்டு, வழவழவென்று கொடுத்திருந்தால் மாமா சந்தோஷமாக வாங்கி வந்திருப்பார். அந்த ஆறாவது அறை அப்படியே இருந்திருக்கும். மாமா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் என்ன? சிலிண்டரின் பின்னால் நட்சத்திரத் தகட்டில் ஆறு பற்கள். ட்ரிகரோடு சேர்ந்த ஒரு சின்ன இரும்பு விரல் எழும்பி, அந்தப் பல்லைத் தள்ளித்தான் சிலிண்டரைத் திருப்புகிறது. விரலும் தேய்ந்திருந்தது, ஒரு பல்லும் தேய்ந்திருந்தது. புது விரலை வாங்க முடியாது, செய்யவேண்டும். தேய்ந்த பல்லுக்குப் போதுமான அளவில், கொஞ்சம் கூடுதலாக ஒரு விரலை எஃகில் அறுத்து எடுத்து, மற்ற ஐந்து பற்களையும் அதற்கு ஏற்ற மாதிரி அரத்தால் தொட்டுத் தொட்டுச் சரிபண்ணவேண்டும்.

எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த கருவி என்ன தெரியுமா? ஒரு சிம்னி விளக்கு! பாகத்தைப் புகையில் காட்டிக் கரி படியவைத்து, உள்ளே பொருத்தி, ஒரு தடவை அசைத்துவிட்டு வெளியே எடுக்கிறார். கரி அழிந்த இடம்தான் இடிக்கிற இடம். அங்கே அரம் ஒரு தடவை. மறுபடி கரி. மறுபடி அரம். அதிகமாக ராவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அவசரக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள சந்தையும் தகடு விட்டு அளந்தார். "ஒரு இஞ்ச்சை ஆயிரமாப் பிரிச்சா அதுல நாலுலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும். கம்மியா இருந்தா உரசும், அதிகமா இருந்தா நெருப்பு பக்கத்துல கக்கும்." மாமாவுடையது ஏழு. பாஸ்!

கடைசியாக மாமா கொண்டுவந்திருந்த பழைய தோட்டாக்கள். பச்சைக் களிம்பு ஏறி இருந்தன. பாய் தலையை ஆட்டிவிட்டார். மருந்து நமுத்துப்போன தோட்டா சில சமயம் 'டமார்' என்பதற்குப் பதில் 'டப்' என்று மட்டும் சொல்லும். குண்டு வெளியே வராமல் குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். புதுத் தோட்டா, அதுவும் குழலில் பொறித்திருக்கும் அதே வகை மட்டும்.

மூன்று வாரம் கேட்டார். மூன்று வாரம் கழித்துப் போனோம். ஆறு அறைக்கும் ஒரே தாளத்தில் 'டிக்-டிக்'. சுட்டுப் பார்க்கவும் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அது அந்தக் கடைக்கு இருந்தது. ஆறு ஓட்டை விழுந்த காகிதத்தைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி மடித்துக் கொடுத்தார். பில் எவ்வளவு என்று மாமா எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு ஓட்டலில் நிறுத்தாமல் வந்தார் என்பதிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

ஆசாரி பட்டறை கூடாது

'இதுக்கு ஏன் சார் மெட்ராஸ் வரைக்கும்? எங்க ஊர் லேத் பட்டறையில கொடுத்தா அரை நாள்ல முடிச்சுடுவான்' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி துப்பாக்கி செய்ய, விற்க மட்டும் அல்ல, ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம் உள்ளே, அதிகபட்சம் ஆயுள். உங்கள் ரிவால்வரின் ஸ்பிரிங்குக்காக ஒரு பாவப்பட்ட ஆசாரி தன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போக வேண்டாம்.

அதே சமயம், கைவேலை தெரிந்தவர்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். வங்காள நவாப் மீர் காசிம் 1762-ல் தலைநகரை அங்கே மாற்றியபோது ஆயுதச் சாலையும் அமைத்தார். அன்றிலிருந்து அங்கே அந்த வித்தை தலைமுறை தலைமுறையாக வருகிறது. லைசென்ஸோடு துப்பாக்கி செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் அங்கே இருந்தன. ஆனால் இன்று முங்கேர் என்றால் பேப்பரில் வருவது கள்ளத் துப்பாக்கிச் செய்திதான். நேர்வழியில் வேலை இல்லாமல் போகும்போது, நல்ல கை எங்கே போகும் என்பதற்கு அந்த ஊர் ஒரு பாடம்.

இன்னொரு பக்கம், கல்கத்தா மாதிரி நகரங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய கடைகள் வைத்திருந்தன. 1914 ஆகஸ்ட் 26 அன்று புரட்சிக்காரர்கள் 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கடத்திக்கொண்டு போனார்களே, அந்த ரோடா கம்பெனி அப்படிப்பட்ட ஒன்று. பாயின் அப்பாவும் அந்தக் காலத்துக் கம்பெனிப் பட்டறை ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றவர்தான். பாய்க்கு இரண்டு பையன்கள். ஒருவர் துபாயில் அக்கவுன்டன்ட். இன்னொருவர் செல்போன் கடை.

"கத்துக்குடுக்க நான் ரெடி சார். ஒரு பல்லை ராவ ஒரு நாள் ஆகும்னு சொன்னா எவன் உக்காருவான்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரிசு யார்?

திரும்பி வரும்போது மாமாவுக்கும் அதே கவலை. மகன் அமெரிக்காவில். மகள் கோயம்புத்தூரில் டீச்சர். 2016 ஆயுத விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அல்லது ஆயுதம் 25 வருஷம் அவரிடம் இருந்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்கு மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். வாரிசு பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கவேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மாமாவுக்கு இரண்டு தகுதியும் இருக்கிறது. மகளிடம் கேட்டார். "ஸ்கூல்ல சாக்பீஸ் போதும்ப்பா" என்றாளாம்.

"அப்ப எதுக்கு மாமா இவ்வளவு செலவு பண்ணி ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"கொடுக்கறதா இருந்தாலும், சர்க்கார்ல ஒப்படைக்கறதா இருந்தாலும், பழுது இல்லாமத்தான்டா கொடுக்கணும். அந்த ஆறாவது அறையோட இன்னொருத்தன் கையில போயிருந்தா?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வருகிறாள், பார்க்கலாம் என்றார். உங்கள் வீட்டிலும் தாத்தா பெட்டியில் இப்படி ஒன்று இருந்து, நீங்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால், பேசிவிடுங்கள். லைசென்ஸ்காரர் இறந்த பிறகு பரண் மேல் ஒளித்து வைப்பது குற்றம். தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு, யார் பெயருக்கு என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

நல்ல கையை அடையாளம் காண...

* சுவரில் லைசென்ஸ் இருக்கிறதா, அதில் 'ரிப்பேர்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* வாங்கியவுடன் காலியா என்று தானே பார்க்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

* உங்கள் லைசென்ஸைக் கேட்காமல் வேலையை ஆரம்பிக்கிறவரிடம் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள்.

* கோளாறு என்ன என்று சொல்வதற்கு முன் பாலிஷ், பிளேட்டிங் என்று பேசினால் ஜூட்!

* அவருடைய ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பாருங்கள். அது பேசும்.

* உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுவதுக்குமா என்று பார்த்துவிட்டு வெளியூர் ஆளைத் தேடுங்கள்.

* கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல கை, கேட்பதற்கு முன்பே பொட்டலம் கட்டித் தந்துவிடும்.

* சினிமா ஹீரோ மாதிரி ஒற்றைக் கையால் உதறி 'படக்' என்று மூடாதீர்கள். பூட்டும் கீலும் தேயும். காலி ரிவால்வரை 'டிக் டிக்' என்று சுட்டு விளையாடாதீர்கள்; பழைய ஹேமரின் முனை உடைந்தால் இன்னொரு சிம்னி விளக்கைத் தேடவேண்டும்.

* கடைசியாக, தேங்காய் எண்ணெய் தலைக்கு!